உள்பாத்தியில் சிப்பிக்காலனி

மழை பொய்த்த வருடங்கள் உப்புக்கு நல்ல வருடங்கள். ஆகவே எங்கள் சிப்பிக்காலனி முழுவதும் ஒரு செல்போனுக்குள் குடிபோன அந்த வருடத்திலும் பாத்திகளில் உப்பு நன்றாகவே விளைந்தது, வாரிய உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் அம்பாரங்கள் வரிசை கட்டி நின்றன, லாரிகள் வந்தன, போயின, கங்காணிகள் வழக்கம்போல் ஏசினார்கள், உலகத்தில் ஏதோ நடந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

அந்தச் செல்போன் என்னுடையது. தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் உப்பளங்களில் தொழிலாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எவ்வளவு காலமாக என்று கேட்டால், என்னைக் கைது செய்த காவலர்கள் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய், அவர்கள் பிள்ளைகள் அதே வேலைக்கு வந்து என்னைக் கைது செய்யும் அளவுக்குக் காலமாக.

வாங்கிய நாளிலேயே அந்தப் போனோடு எனக்குத் தகராறு. கடன் தருகிறேன் என்று கூவும் ஒன்று, சீட்டாட வா என்று கூப்பிடும் ஒன்று, மழையே இல்லாத ஊரில் காலையும் மாலையும் மழை சொல்லும் ஒன்று என்று நான் கேட்காத ஆட்களெல்லாம் அதில் ஏற்கெனவே குடியிருந்தார்கள். வெளியே போ என்று சொல்ல அவர்களை வைத்த கம்பெனிக்கு மட்டும்தான் உரிமை, வாங்கிய எனக்கு இல்லை. பேருந்து நிறுத்தத்தில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஜெனிட்டாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"இதுக்கு ரூட் பண்ணணும் அண்ணாச்சி. பண்ணா கம்பெனி கேரண்டி போயிரும்."

"கம்பெனி என்னைக்கு நமக்குக் கேரண்டி தந்துச்சு?"

"போனு செத்தாலும் செத்துப் போவும்."

"போராட்டம்னா அப்படித்தான். பண்ணு."

"ஒரு போனைக் கழட்டதுக்குக்கூட உங்களுக்கு மேடை வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் செய்து முடித்தாள். அன்றிலிருந்து கம்பெனி பூட்டி வைத்திருந்த அறைகளின் சாவியெல்லாம் என் கைக்கு வந்தது, உள்ளே எது எந்தக் கதவைத் திறக்க நினைத்தாலும் போன் என்னிடம் கேட்டது: "முழு உரிமை கேட்கப்படுகிறது. கொடுக்கவா? மறுக்கவா?" மனு எழுதி எழுதியே காலம் தீர்ந்த எனக்கு வாழ்நாளில் முதன்முதலாக மனு கொடுத்தது அந்தப் போன்தான்.

போனுக்குள் இடம் கொஞ்சம். ஜெனிட்டா ஒரு மெமரி கார்டு போட்டு, அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு பகுதி எந்தப் போனில் போட்டாலும் தெரியும். படங்களும் பாட்டுகளும் அதில் இருக்கலாம். இன்னொரு பகுதி ரூட் செய்த போனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் அவற்றுக்கு வெளிப்பாத்தி, உள்பாத்தி என்று பெயர் வைத்தேன். உப்பு வாரியவனுக்கு வேறு பெயர் எங்கிருந்து வரும்?

துறைமுகச் சாலையை அகலமாக்கப் போகிறோம், காலனி நிற்பது புறம்போக்கு நிலம், ஆகவே கிளம்புங்கள் என்று ஆட்கள் வந்தது அதற்கடுத்த கோடையில். அவர்களுடைய மஞ்சள் இயந்திரம் முதலில் இடித்தது சுடலைமணியின் வீட்டை, அது ஓரத்தில் இருந்ததால். உச்சிவெயிலில் அவன் மனைவியோடும் கட்டிலோடும் ஓர் ஆட்டோடும் சங்க அலுவலகத்தின் தகரக் கொட்டகை வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே உட்கார்ந்து, பழைய வேலைநிறுத்தப் படங்களைப் பாதுகாப்பாக இருக்கட்டுமென்று உள்பாத்திக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நிக்கதுக்கு ஒரு இடம் குடுங்க அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. "போராட்டம்லாம் பொறவு பாத்துக்கிடலாம். ஆடு வெயிலு தாங்காது."

நான் வாய் திறக்கும் முன் போன் கேட்டது: "சுடலைமணி, உப்பு வாருபவர், குடும்பத்துடன் உள்பாத்தியில் முழு உரிமை கேட்கிறார். கொடுக்கவா? மறுக்கவா?"

தொழிலாளி கேட்டு நான் மறுத்ததில்லை. கொடு என்பதை அமுக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் வெயில் இருந்தது, மணலில் கட்டிலின் நான்கு கால்களும் பதிந்த குழிகள் இருந்தன, வேறு யாரும் இல்லை. சற்று நேரத்தில் வெளிப்பாத்தியில் ஒரு படம் வந்து விழுந்தது. சுடலைமணி கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தான், அவனுக்குப் பின்னால் விரிசல் இல்லாத ஒரு சுவர், சுவர் நிழலில் ஆடு.

பின்னாலேயே வந்த அவன் அடுத்த வீட்டுக்காரி வெள்ளத்தாய் என் கையிலிருந்து போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பிறகு அதில் வாயை வைத்துக் கேட்டாள்: "ஏ சுடலை, உள்ள தண்ணி இருக்கா?"

"இருக்கு மைனி."

"உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி. கொழாயத் தொறந்தா நிக்கவே மாட்டேங்கு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் பாயைச் சுருட்டப் போனாள். எங்கள் ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான்.

பிறகு வரிசையாக வந்தார்கள். சட்டத்தோடு பெயர்த்த கதவுகள், போன வருடக் காலண்டர்கள், சுடலைமாடன் பீடம், மாதா படம், கோழிகள், கோழிக்கூடைகள், தாம் பார்த்து வளர்த்த முருங்கைக் கன்றுகள் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு என் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள், போன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேட்டது, நான் கொடு, கொடு, கொடு என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன், வாசலில் ஆள் இல்லாத காலடித் தடங்கள் பெருகிக்கொண்டே போயின. பாத்திகளில் உப்பு வார ஆள் இல்லையே என்று கங்காணிகள் ஒரு வாரம் கத்தினார்கள், பிறகு வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கினார்கள். பாத்திக்கு யாருடைய கால் என்று தெரியாது.

சுற்றியிருந்த உலகமும் சீக்கிரமே பழகிக்கொண்டது. காலமெல்லாம் எங்கள் ஆட்களை ரேகை விழவில்லை என்று விரட்டிய ரேஷன் கடைக்காரரே கைரேகை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். உப்பு அரித்த விரலில் ரேகை நிற்காது; எங்கள் ஆட்களின் விரல்கள் கழுவிய கரண்டிபோல வழவழப்பாக இருக்கும். நான் போனைப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து அவர்கள் கண்ணாடியில் விரல் வைத்தார்கள். உப்பைத் தொடாத சில வாரங்களிலேயே ரேகைகள் முளைத்திருந்தன, இயந்திரம் ஒவ்வொருவருக்கும் கூவியது.

"ஆளு இருக்கானான்னு பாக்கத்தான் உத்தரவு அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். "எங்க இருக்கான்னு பாக்கச் சொல்லி ஒரு உத்தரவும் வரலை."

தேர்தல் வந்தது. திறந்த ஜீப்பில் வந்த வேட்பாளர் இறங்கி, என் சட்டைப் பையின் முன்னால் நின்று கைகூப்பினார். கோயில் கொடைக்கு மேளக்காரர்கள் வந்து போனை ஒரு தலையணைமேல் வைத்து, சுற்றி நின்று வாசித்துவிட்டு, உள்ளேயிருந்து யாரோ தாளம் தப்புகிறது என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போனார்கள். சாலை போட வந்த கம்பெனிக்காரர்களுக்குத்தான் பெரிய நிம்மதி: அழுகை இல்லை, மறியல் இல்லை, மண்ணெண்ணெய்க் கேன் இல்லை. மூன்று சென்ட் மண்ணுக்காக நான் வாழ்நாள் முழுவதும் ஏறாத அலுவலகம் இல்லை, படுக்காத சாலை இல்லை. எந்த மண்ணுக்காகப் படுத்தேனோ அந்த மண்ணை என் மக்கள் ஒரு நகக்கண் அளவு கார்டுக்காக விட்டுவிட்டுப் போனார்கள், போகும்போது நன்றி அண்ணாச்சி என்று வேறு சொன்னார்கள்.

கடைசியில் எங்கள் வீடு மட்டும் மிஞ்சியது. என் மனைவி பூங்கனி மூட்டை கட்டி முடித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் அமுக்குங்க."

"நாமளும் போயிட்டா இந்த மண்ணை யாரு கேக்கது? அவன் பாட்டுக்கு ரோடு போட்டுட்டுப் போயிருவான்."

"போடட்டும். ஒரு நாளாவது ஒழுகாத கூரைக்குக் கீழ படுக்கணும்."

"மழையே இல்லை, எங்கட்டி ஒழுகுது?"

"வெயிலு ஒழுகுதே, தெரியலையா?"

போன் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது. பூங்கனி, உப்பு வாருபவர். நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஊரு பூராவுக்கும் யோசிக்காம அமுக்குனிய. எனக்கு மட்டும் யோசனை வருதோ?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "நீங்களும் வாங்க" என்றாள்.

அந்த வார்த்தைக்காக நான் முயன்று பார்த்தேன். மற்றவர்களைப் போலவே வாசலில் போய் நின்றேன், நிற்க இடம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். போன் பேசவில்லை. ஜெனிட்டாவிடம் கொடுத்து அவளைப் பிடிக்கச் சொல்லியும் பார்த்தேன். "ரூட்டு உங்க பேருல இருக்கு அண்ணாச்சி. உரிமை குடுக்க ஆளு உரிமை கேட்டா அது யாருகிட்ட போயிக் கேக்கும்?" என்றாள் அவள். ஊரில் எல்லாருடைய பெயரையும் ஒருமுறை சொன்ன அந்தப் போன் என் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை.

திரும்பி வந்து அமுக்கினேன். போகும்முன் பூங்கனி சொன்ன கடைசிச் சொல், "சார்ஜு போட மறந்துராதிய" என்பது.

மறுநாள் மஞ்சள் இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கொடியோடு அதன் முன்னால் நின்று கோஷம் போட்டேன். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க போடுங்க, நான் வேண்டாங்கலை. அந்தப் பக்கமாத் தள்ளி நின்னு போடுங்க. தூசி பறக்கும், தொண்டை போயிரும்" என்றார். கைது செய்யக்கூட ஒருவரும் வரவில்லை.

அதற்குப்பின் என் வேலை போனைச் சுமப்பது. தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம், பெட்ரோல் பங்கில் ஒரு மணி நேரம், ஜெனிட்டா கடையில் மீதி என்று சார்ஜ் ஏற்றுவேன். வெயிலில் சூடேறாமல் ஈரத்துணியில் சுற்றி வைப்பேன். வெளிப்பாத்தியில் படங்கள் விழும்: வெள்ளத்தாய் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், யாரோ மாடி கட்டுகிறார்கள், ஒரு கல்யாணம், அந்தக் கல்யாணத்துக்குப் பிறந்த பிள்ளை, பிள்ளைக்கு ஒரு தொட்டில். படத்தின் ஓரங்களில் பூங்கனியைத் தேடுவேன். நான் தகரக் கொட்டகையில் தனியாகச் சோறு வடித்து, சுற்றிலும் ஆள் இல்லாத வெள்ளை வெளியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். பேச்சுத் துணைக்கு உப்புக் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை, அதற்கும் ஒரே பேச்சுதான்.

மாடிகள் பெருகின, பிள்ளைகள் பெருகினார்கள், ஆடு ஒரு மந்தையானது. போன் தடுமாற ஆரம்பித்தது. ஒருநாள் "இடம் போதவில்லை" என்று திரையில் எழுதிக் காட்டியது. அதற்கு மறுநாள் வெளிப்பாத்தியில் ஒரு மனு வந்தது.

மனுவை உற்றுப் பார்த்தேன். கைரேகைகள் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. முதலில் வைத்தது யார் என்று முதலாளி கண்டுபிடித்து வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்பதற்காக, கோரிக்கையை நடுவில் எழுதி ரேகைகளைச் சுற்றிலும் வட்டமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது அந்த வட்டம் என்னை நோக்கி வந்திருந்தது. அந்த ரேகைகளில் எது பூங்கனியுடையது என்று தேடினேன். ஓர் ஆயுள் முழுக்க என் பக்கத்தில் படுத்தவளின் ரேகை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உப்பு விட்டு வைத்திருந்தால்தானே அவளுக்கே தெரிந்திருக்கும்.

போன் அடித்தது. எண் ஒன்றும் தெரியவில்லை.

"செயலாளர் அவர்களே" என்றாள் பூங்கனி. "நான் கமிட்டி சார்பாப் பேசுதேன்."

"சாப்ட்டியாட்டி?"

"கமிட்டிப் பேச்சுல சொந்தப் பேச்சு பேசப்படாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தது. கோரிக்கை ஒண்ணு, பெரிய கார்டு வேணும். இங்க கால் நீட்ட இடமில்லை. ரெண்டு, போனைப் பின்பக்கப் பையில வைக்கப்படாது. நீங்க உக்காரும்போதெல்லாம் தெக்குத் தெருவு பூராவும் சாயுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுடலைமணியாக இருக்கும்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றேன் நான். "மண்ணை மீட்போம். மீட்ட மறுநாளு எம்புட்டுப் பெரிய கார்டு வேணும்னாலும் வாங்கித் தாரேன்."

"முதல்ல வேலைக்குத் திரும்பு, பொறவு பேசுவோம்பான் முதலாளி. அதே ராகந்தான் நீங்களும் படிக்கிய."

"நான் முதலாளியாட்டி?"

"சாவி யாரு கையில இருக்கோ அவிய முதலாளி. இதுவும் நீங்க சொன்னதுதான்."

இணைப்பு அறுந்தது. அத்தோடு போன் நின்றுபோனது. திரையை எங்கே தொட்டாலும் அசையவில்லை, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல்கள் மட்டும் வந்தன. உள்பாத்தியில் வேலைநிறுத்தம். கோஷத்துக்கு ஒரு முறை உண்டு: எடுப்பவர் ஒருவர், தொடுப்பவர் பலர், எடுக்கிற குரலைவிடத் தொடுக்கிற குரல் கனமாக இருக்க வேண்டும், கூட்டம் மெலிந்தால் வழியில் போகிறவரும் நின்று தொடுக்கலாம், அதில் வெட்கம் இல்லை. எல்லாம் நான் பழக்கியது. எடுத்தவள் பூங்கனி.

"இடம் கொடு! இடம் கொடு!"

"இருக்க இடம் கொடு!"

"செயலாளரே வெளியே வா!"

"பதில் சொல்! பதில் சொல்!"

சட்டைப் பையிலிருந்து அந்தச் சத்தம் வர, நான் உப்பளத்து வரப்பில் நடந்துகொண்டே கேட்டேன். கோபம் வந்தது. ஆனால் ஒரு பிசிறு இல்லை, ஒரு குரல் முந்தவில்லை, ஒரு குரல் பிந்தவில்லை. இப்படியொரு கோஷத்தை எந்த முதலாளி வாசலிலும் என்னால் எழுப்ப முடிந்ததில்லை. மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போய், ஆணியில் தொங்கிய சங்கத்தின் கையொலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஜெனிட்டாவிடம் போனேன்.

"இதை எடுத்துக்கோ. இருக்கதுலயே பெரிய கார்டு ஒண்ணு குடு."

அவள் ஒலிபெருக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இல்லாம நீங்க எப்படிப் பேசுவிய?"

"யாருகிட்டளா பேச?"

அவள் போனை அணைத்து, பழைய கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினாள். பெரிய கார்டையும் செருகி அதையும் இரண்டு பாத்தியாகப் பிரித்தாள். பழைய உள்பாத்தியில் இருந்தவர்களைப் புதியதற்கு நகர்த்தக் கட்டளை கொடுத்தாள். திரையில் ஒரு கோடு வளர வேண்டும். வளரவில்லை. மறுபடி கொடுத்தாள். வளரவில்லை.

"ஒரு ஆளும் நகர மாட்டேங்கு அண்ணாச்சி. ஒவ்வொருத்தரா எடுத்து வைக்கப் பாக்கேன். முத ஆளே வர மாட்டேங்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. வேலைநிறுத்தம் முடிந்து அளத்துக்குள் திரும்பும்போது எங்கள் ஆட்கள் தனித்தனியாகப் போவதில்லை. முதல் காலை எடுத்து வைப்பவன் கருங்காலி. எல்லாரும் கை கோத்துக்கொண்டு, ஒரே வரிசையாக, ஒரே அடியில் வாசலைத் தாண்டுவார்கள். வாசலில் செயலாளர் நின்று, கடைசி ஆளும் தாண்டியபின் தான் தாண்டுவார். செயலாளர் வாசலில் நிற்காதவரை யாரும் நகர மாட்டார்கள். அந்த வாசலில் போய் நிற்க எனக்கு வழியில்லை.

இதைச் சொன்னதும் ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல எல்லாப் போனும் வரும், இப்படிக் கை கோத்துக்கிட்டு ஒரு போனு வந்ததில்லை." பிறகு யோசித்துச் சொன்னாள்: "அப்ப ஒவ்வொருத்தரா வேண்டாம். பாத்தியை அப்படியே அச்சுல வார்க்க மாரி எடுத்துருவோம். வரப்பு, வீடு, ஆடு, கை கோத்து நிக்க ஆளு, எல்லாம் நின்னது நின்னபடி."

அன்று பிற்பகல் முழுக்க அந்தக் கோடு வளர்ந்தது. பெரிய கார்டைப் போட்டுப் போனை உயிர்ப்பித்தபோது சிப்பிக்காலனி அதே அளவில் அதே நெருக்கடியோடு அதில் இருந்தது, சுற்றிலும் யாருக்கும் இல்லாத பெருவெளி கிடந்தது. போன் கேட்டது: "உள்பாத்தியின் வரப்பை விரிக்க உரிமை கேட்கப்படுகிறது. கொடுக்கவா? மறுக்கவா?"

கொடுத்தேன்.

கோஷம் பாதியில் நின்றது. பிறகு ஒரு கூச்சல், ஒரு சிரிப்பு, குலவை. படங்கள் மழைபோல் விழுந்தன. வானம் தொடும் வரைக்கும் நிலம், அதில் பிள்ளைகள் ஓடி ஓடிப் புள்ளியாகிக்கொண்டிருந்தார்கள். "எம்புட்டு இடம்ங்க!" என்றாள் பூங்கனி. கமிட்டியை மறந்துவிட்ட குரல். "கண்ணு வலிக்கு பாத்துப் பாத்து."

மறுவாரம் உள்ளேயிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கோரிக்கைகள் அனைத்தும் நிறைவேறிவிட்டபடியால் சங்கம் கலைக்கப்படுகிறது. அதற்குப்பின் படங்கள் குறைந்தன. வரும் படங்களில் வீடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்தன. போன் தடுமாறவில்லை, சூடேறவில்லை, ஒரு சார்ஜ் பல நாள் நின்றது. யாருக்கும் என்னிடம் எதுவும் தேவையில்லை. பூங்கனி ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். "இங்க காத்து நல்லா அடிக்குங்க" என்றாள். சார்ஜ் போட்டாச்சா என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாள்.

ஜெனிட்டா ஆள் அனுப்பியது அப்போதுதான். போனேன். அவள் மேசையில் ஒரு சின்னக் கார்டு கிடந்தது.

"பழசை மறந்துட்டுப் போயிட்டிய. அழிச்சிரவா?"

"அதுல என்ன இருக்கு?"

"எல்லாரும்தான்" என்றாள் அவள். "அச்சு எடுத்தா அசலு எங்க போவும்? அங்கனயேதான் நிக்கும்."

நிற்கிறவர்களோடு பேச வேண்டும் என்றேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பெரிய கார்டைக் கழற்றி, தானே ரூட் செய்து வைத்திருந்த வேறொரு போனில் போட்டு, கடையின் கண்ணாடி அலமாரியில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், சார்ஜரில் செருகி வைத்தாள்; அதில் இருப்பவர்கள் இன்றும் அங்கே சுகமாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் ஒலிபெருக்கியும் இருக்கிறது. பழைய கார்டை என் போனில் போட்டாள். போன் கேட்டது: "உள்பாத்தியை அழிக்க உரிமை கேட்கப்படுகிறது. கொடுக்கவா? மறுக்கவா?"

இத்தனை நாளில் முதல்முறையாக மறு என்பதை அமுக்கினேன்.

"பூங்கனி" என்றேன்.

"செயலாளர் அவர்களே" என்றது குரல். தொண்டை கட்டியிருந்தது. "கையைக் கோத்துக்கிட்டு நிக்கோம். முடிவு என்ன, சொல்லுங்க."

"ஜெயிச்சாச்சுட்டி."

"யாரு ஜெயிச்சா?"

"நீங்கதான்."

"அப்ப இடம் எங்க?"

இன்னொரு பெரிய கார்டு வாங்கலாம், இன்னொரு அச்சு எடுக்கலாம். அந்த அச்சில் எழுந்திருப்பவர்கள் குலவையிட்டு ஓடுவார்கள், இதில் நிற்பவர்கள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். நான் பார்த்த எல்லாப் போராட்டத்திலும் நின்றவர் வேறு, பெற்றவர் வேறு. கார்டு மட்டும் ஏன் மாறப்போகிறது?

"பதில் இல்லை, பாத்தியளா" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னது கேட்டது. திரை மறுபடி உறைந்தது.

சிப்பிக்காலனி இருந்த இடத்தில் இப்போது சாலை ஓடுகிறது. இருபுறமும் பாத்திகள், வெயில், உப்பு. உச்சிப்பொழுதில் நான் அந்தச் சாலையின் ஓரத்தில், எங்கள் வீட்டு வாசல் இருந்த இடம் இதுதான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்ட இடத்தில் நிற்பேன். பையிலிருந்து பூங்கனி கோஷம் எடுப்பாள்.

"செயலாளரே வெளியே வா!"

வெளியேதான் நிற்கிறேன் என்று சொல்வேன். உறைந்த போனுக்குள் அது கேட்காது. தொடுப்பார்கள். ஆனால் நாளாக நாளாகத் தொடுக்கிற குரல் மெலிகிறது. அத்தனை காலம் நின்ற கால்கள், அத்தனை காலம் கத்திய தொண்டைகள். எடுக்கிறவள் குரல் மட்டும் தனியாக மேலே போய், தாங்க ஆளில்லாமல் திரும்பி வருகிறது. எடுத்தவளை அப்படித் தனியாக விடக்கூடாது. அது எங்கள் வழக்கம் இல்லை.

ஆகவே நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நிமிர்ந்து, கையை உயர்த்தி, கையில் ஒலிபெருக்கி இல்லாத வெறும் தொண்டையால், அவர்களோடு சேர்ந்து தொடுக்கிறேன்.

"பதில் சொல்! பதில் சொல்!"

உப்பு லாரிகள் வேகத்தைக் குறைக்கின்றன. இந்த ஆள் யாரை எதிர்த்துக் கத்துகிறான் என்று ஓட்டுநர்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள், என் எதிரில் ஒருவரும் இல்லாததைக் கண்டு ஒருமுறை ஒலி எழுப்பிவிட்டுப் போகிறார்கள்.